ஆடு மேய்க்கப் போன ஆட்டக்காரர்கள்

போன ஞாயித்துக்கிழமை காலைல கொட்டிவாக்கம் பீச்சுல நடந்துட்டுத் திரும்பிட்டிருந்தேன். குப்பத்துப் பக்கம் பசங்க ரப்பர் பந்துல கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க. அதுல ஒருத்தனோட அப்பா வேகமா வந்தார். "பரீட்சைய வெச்சிக்கிட்டு பேட்டைத் தூக்கிட்டு வந்துட்டியா? நீ ஆடு மேய்க்கத்தான்டா லாயக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காரணம் இருக்கு. முந்தின ராத்திரிதான் ஸ்காட்லாந்து நாட்டு ரக்பி பத்திப் படிச்சிட்டுப் படுத்திருந்தேன். அந்தக் காலத்துல அந்த நாட்டுக்காக ரக்பி ஆடினவங்கள்ல சிலர் நிஜமாவே ஆடு மேய்க்கத்தான் போனாங்க! (ஆட்டக்காரர்ங்கற வார்த்தை ரெண்டுக்குமே பொருந்துது பாருங்க.)

உலகத்தோட முதல் சர்வதேச ரக்பி மேட்ச் 1871 மார்ச் 27-ஆம் தேதி எடின்பரோவில் நடந்தது. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும். பக்கத்துக்கு 20 பேர். ஸ்காட்லாந்து ஜெயிச்சது. ஆனா அதுல காசு கிடையாது. ரக்பி யூனியனில் சம்பளம் வாங்கி ஆடலாம்னு ஒத்துக்கிட்டதே 1995-லதான். அதனால ஆடி முடிச்சதும் பொழப்பைப் பார்க்கணும். டாக்டர் ஆனவங்க உண்டு, வக்கீல் ஆனவங்க உண்டு. சிலர் கப்பலேறி நியூசிலாந்து, ஆஸ்திரேலியான்னு போய் செம்மறி ஆட்டுப் பண்ணை வெச்சாங்க. அவங்க வாழ்க்கைக் குறிப்புல 'ஆடு வளர்க்கப் போனார்'னு வந்தா, நம்ம பாஷைல 'பையன் செட்டில் ஆயிட்டான்'னு அர்த்தம்.

இப்ப நம்ம ஊர் ஆள் ஒருத்தரைப் பார்ப்போம். பாலாஜி டாமோர். குஜராத்காரர், பார்வைக் குறைபாடு உள்ளவர். 1998-ல டெல்லியில் நடந்த பார்வையற்றோருக்கான முதல் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். உள்ளே குண்டு போட்ட பிளாஸ்டிக் பந்து, அது உருள்ற சத்தத்தைக் கேட்டு அடிக்கணும். அதுல இந்தியா அரையிறுதி வரைக்கும் போச்சு. இவர் மொத்தம் 125 மேட்ச்ல 3125 ரன், 150 விக்கெட். விளையாட்டு ஒதுக்கீடு, ஊனமுற்றோர் ஒதுக்கீடு, ஏதாவது ஒண்ணுல அரசாங்க வேலை கிடைக்கும்னு நம்பினார். கிடைக்கலை. 2015-ல பேப்பர்ல வந்த செய்தி என்னன்னா, 'உலகக் கோப்பை நாயகன் எருமை மேய்க்கிறார்'.

அந்தச் செய்தியைப் படிச்சு நானும் உச்சுக் கொட்டினவன்தான். அவருக்கு வேலை கொடுத்திருக்கணும்ங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா எருமைதான் அவமானம்ங்கற மாதிரி தலைப்பு வெச்சாங்களே, அதுதான் இப்ப உறுத்துது. ஸ்காட்லாந்துக்காரர் மேய்ச்சா பண்ணையார், டாமோர் மேய்ச்சா பரிதாபம். எப்படிங்க?

தொழில் ஒண்ணுதான். வித்தியாசம் நிலத்துல இருக்கு. டாமோர்கிட்ட இருந்தது ஒரு ஏக்கர், அதுவும் அண்ணன் தம்பியோட பங்கு.

அந்தப் பண்ணையாருக்கு நிலம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா கதை வேற மாதிரி போகுது. 1848-ல நியூசிலாந்தோட தெற்குத் தீவுல ஒரு கோடி ஏக்கருக்கு மேல, வெறும் 2,000 பவுண்டுக்கு, ஙாய் தாஹுங்கற மாவோரி மக்கள்கிட்டேர்ந்து அரசாங்கம் எழுதி வாங்கிச்சு. உங்களுக்குன்னு போதுமான நிலம் ஒதுக்கித் தர்றோம்னு சொன்னதையும் காப்பாத்தலை. அந்த மண்ணுலதான் ஆடு பெருகிச்சு. 1882-ல 'டனீடின்'ங்கற கப்பல்ல உறைய வெச்ச ஆட்டுக்கறி லண்டன் போய்ச் சேர்ந்ததும் காசு கொட்ட ஆரம்பிச்சது. அந்த மாவோரி மக்களுக்கு இழப்பீடு சட்டமானது எப்ப தெரியுமா? 1998. டாமோர் உலகக் கோப்பை ஆடின அதே வருஷம்!

இன்னொரு கூத்து. ஸ்காட்லாந்து மலைப்பகுதி ஏழைகளை, ஆட்டுக்கு இடம் வேணும்னு சொல்லித்தான் அவங்க நிலத்துலேர்ந்தே பண்ணையாருங்க விரட்டினாங்க. கப்பலேறினவங்கள்ல அவங்களும் உண்டு. போன இடத்துல இன்னொருத்தர் நிலத்துல ஆடு விட்டாங்க.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். 2011-ல தமிழக அரசு விலையில்லா ஆடு திட்டம் கொண்டு வந்தது. 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடு. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லலை. ஆனா ஆட்டை வாங்கிட்டு எங்கே மேய்க்கிறது? பழைய கிராமக் கணக்குல 'மேய்க்கால் புறம்போக்கு'ன்னு ஒரு வகை நிலம் உண்டு, ஊர் ஆடு மாடு மேயறதுக்குன்னே விட்டது. சும்மா கிடக்கிற நிலம்னு நினைச்சு, எந்தக் கட்டடம் கட்டறதா இருந்தாலும் முதல்ல அதுலதான் கை வைக்கிறோம். காட்டுக்குள்ள போகலாம்னா 2022-ல உயர் நீதிமன்றம் தடை போட்டு, அப்புறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மட்டும்னு சுருக்கிச்சு. புலிக்கும் இடம் வேணும், வாஸ்தவம்தான். ஆனா மேய்க்காலைப் பிடுங்கினது புலி இல்லையே. வாக்குக் கேட்டு வர்றவங்ககிட்ட ஆடு குடுங்கன்னு கேக்கறதை விட, மேய்க்காலைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கறதுதான் சரின்னு எனக்குப் படுது.

எங்க தெருவுல ஒரு ஆயா ஆடு வளர்க்குது. நான் குடி வந்தப்போ பத்துப் பன்னெண்டு இருந்துது. அப்போ சுத்திலும் காலி மனைங்க, புல்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொண்ணா அபார்ட்மெண்ட் வந்துடுச்சு. இப்ப மூணு ஆடுதான். மிச்சமிருக்கற ஒரே காலி மனைல கட்டி வெச்சிட்டு, வாசல்ல உக்கார்ந்து வெத்திலை போடுது. அந்த மனைல 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல'ன்னு போர்டு வெச்சிருக்காங்க. "அது இருக்கற வரைக்கும் ஓடும் தம்பி"ன்னு சொல்லுச்சு.