வயோதிகர்களும் பொழுதும்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில் காலையில் வாலிபர்களெல்லாம் கம்பெனிக்கும் பட்டணத்துக்கும் போனபின் வீட்டில் மிஞ்சுகின்றவர்கள் வயோதிகர்களே யாவார்கள். அவர்களைப் பார்த்து நமது ஜனங்கள், "கிருஷ்ணா ராமா என்று ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதானே" என்கின்றார்கள். இதை மரியாதையென்று நினைக்கின்றார்கள். நாம் இதைத் தண்டனையென்றே சொல்லுகின்றோம்.

அமாவாசைதோறும் அனேக வயோதிகர்கள் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவிலுக்கு வந்து, வியாதி தீருமென்று குளத்தில் வெல்லத்தைக் கரைக்கின்றார்கள். வெல்லம் கரைவது வாஸ்தவந்தான். வியாதி கரைந்ததை எந்த டாக்டராவது கண்டதுண்டா? ஆனாலும் போய்வந்த சிலர், "உடம்பு சற்று தேவலை" என்று சொல்லுவதைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. நடந்தார்கள், நாலு பேரைக் கண்டு பேசினார்கள், சுகம் தெரிந்தது. அந்த நடையும் பேச்சும் மாதத்தில் ஒரு நாளோடு நிற்பானேன் என்பதே நமது கேள்வி.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிஷம் வரை வேகமான நடை போன்ற உழைப்பும், கீழே விழாதிருக்க வாரம் 3 நாளாவது உடம்பு நிதானத்துக்கும் பலத்துக்குமான பயிற்சியும் வேண்டுமென்று சொல்லியிருக்கின்றது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 2 வருஷம் தக்க ஆகாரம், தேகப்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்தக்கொதிப்புப் பரிசோதனை எல்லாம் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் பொதுவான புத்திமதி மட்டுமே. முதற் பாதியாரின் அறிவுத்திறனே மேலாயிருந்ததென்று 2015-ல் வெளியிட்டார்கள். ஆகவே கிழவனுக்கு ஞாபகம் கெடுவதை முழுதும் தலையெழுத்தென்பது சோம்பேறித்தனமேயாகும். 2024-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகையின் குழு எண்ணிய 14 காரணங்களில் காது கேளாமை, கண் மங்கல், தனிமை ஆகியவையும் சேர்ந்தே இருக்கின்றன.

நிற்க, வயிற்றுப்பாட்டுக்காக 70 வயதிலும் மண் சுமக்கின்றவனுக்கு நாம் நடையை உபதேசிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது சோறும் ஓய்வும். கிழவிகளின் கதியோ இன்னும் மோசம். கிழவனுக்காவது டீக்கடை பெஞ்சி உண்டு. கிழவிக்கு அடுப்பும் பேரப்பிள்ளையுந்தான். விதவையானால் நல்ல காரியத்தில் முன்னே வருவதற்கும் தடை. இப்படி அடைத்துவைத்துவிட்டு, அவள் மனம் கலங்கினால் பேய் பிடித்ததென்கின்றோம்.

வாலிபர்களே! பரிகாரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் தகப்பனாருக்குக் கண்ணாடியும், காது மந்தமானால் காதுக் கருவியும் வாங்கிக்கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு தாயாரை வெளியே அனுப்புங்கள். ஊரில் மேடுபள்ளமில்லாத நடைபாதையும், உட்காரப் பெஞ்சியும், கக்கூசும், பத்திரிகை படிக்க ஓர் இடமும் கேளுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் வயதாகும் என்பதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள்.