ஒரு சுழி குறைந்த கடிதம்

அம்பத்தூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளிச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்து வருகிறோம். கொடுக்கும் தொகை சிறிது. கேட்டு வருவோர் கூட்டம் பெரிது. ஆதலால் வந்த கடிதங்களை ஒரு மாலைப் பொழுதில் ஐந்து பேர் அமர்ந்து படித்து, இன்னாருக்கு இவ்வளவு என்று முடிவு செய்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மாலையொன்றில் நடந்ததை இம்மாதம் வாசகர்களிடம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அதில் குற்றவாளிகளுள் நானும் ஒருவன்.

அன்று வந்திருந்த கடிதங்களுள் ஒன்று, பிள்ளைகளின் கோடிட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதப்பட்டிருந்தது. “என் கனவர் இறந்து விட்டார்” என்பது அதன் முதல் வரி. மகன் “பல்லியில்” படிப்பதாகவும், “உதவி தொகை” கிடைத்தால் என்றும் “நண்றி” மறவாமல் இருப்பதாகவும் அந்தத் தாய் எழுதியிருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு காற்புள்ளி இல்லை; முற்றுப்புள்ளி இல்லை. படித்துக் காட்டிய நண்பர், “கனவில் வந்த கணவர் போலிருக்கிறது” என்றார். சிரித்தோம். ஒருவர் இறந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சிரித்தோம். பிறகு அக்கடிதம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்னும் அடுக்குக்குப் போயிற்று. அந்த அடுக்கைப் பெரும்பாலும் யாரும் அப்புறம் பார்ப்பதில்லை என்பது ஐவருக்கும் தெரியும்.

அடுத்த கடிதம் கணினியில் அச்சிடப்பட்டது. சந்தியும் புள்ளியும் பிசகாத நடை. “பொறுப்பான குடும்பம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தோம். அக்குடும்பத்தைப் பற்றி அந்தத் தாளுக்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இரவு வீட்டில் இதை நினைத்துப் பார்த்தேன். மூன்று சுழி போட வேண்டிய டண்ணகரத்தில் ஒரு சுழி குறைந்ததால் அது றன்னகரமாயிற்று. நடந்த தவறு அவ்வளவுதான். அந்த ஒரு சுழியிலிருந்து நாங்கள் எட்டிய முடிவுகளோ பல. எழுதியவர் கவனமற்றவர், கவனமற்றவரின் பிள்ளை எப்படி நன்றாகப் படிக்கும்? கொடுக்கும் பணத்தைச் சரியாகச் செலவிடுவாரா? இவற்றுள் ஒன்றையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடிதம் எந்த அடுக்குக்குப் போயிற்று என்பதே இவையனைத்தையும் சொல்லிவிட்டது.

இந்தக் குணம் எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குவீன் என்னும் இரு மொழியியல் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும் என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்கள் எனச் சில மின்னஞ்சல்களை 83 பேரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். சிலவற்றில் பிழையில்லை, சிலவற்றில் விரல் தவறிய எழுத்துப் பிழைகள், வேறு சிலவற்றில் ஒலியொப்புமையால் ஒரு சொல்லுக்கு மற்றொன்றை எழுதும் பிழைகள், அதாவது நமது கணவர்–கனவர் போன்றவை. பிறகு, எழுதியவர் அறிவுள்ளவரா, நட்புக்கு உரியவரா என்றெல்லாம் மதிப்பிடச் சொன்னார்கள். பிழையுள்ள மின்னஞ்சல்களை எழுதியவர்களுக்குப் பொதுவில் மதிப்புக் குறைந்தது. இதில் வியப்பில்லை. வியப்பானது வேறொன்று. படித்தவர்களின் குணத்துக்கு ஏற்ப அவர்கள் தீர்ப்பும் மாறிற்று. கலகலப்பாகப் பழகுவோர் பிழைகளைப் பெரிதும் பொறுத்துக்கொண்டார்கள். பிறரோடு எளிதில் இணங்கிப்போகாதவர்களே இலக்கணப் பிழைகளைக் கண்டு மிகுதியாகச் சினந்தார்கள். அப்படியானால் அன்று மாலை எங்களுடைய சிரிப்பு அந்தத் தாயைப் பற்றிச் சொன்னதைவிட எங்களைப் பற்றிச் சொன்னதே மிகுதி போலும்.

வீட்டு விளம்பரம் என்றதும் நம் பக்கத்துப் பலகைகள் நினைவுக்கு வருகின்றன. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை நடந்தால், ‘வீடு வாடைக்கு விடப்படும்’ என்ற அட்டை ஒன்றாவது கண்ணில் படாமற் போகாது. ஒரு ககரம் போனதும் வீடு நாற்றத்துக்கு விடப்படுகிறது. மாவு மில்லில், ‘இங்கு மாவு அறைத்துத் தரப்படும்’ என்று எழுதியிருக்கும். மாவை அறைவானேன், அது என்ன குற்றம் செய்தது? ஆனாலும் இந்தப் பலகையைக் கண்டு யாரும் தூக்கை எடுத்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போவதில்லை. மாவு நைசாக இருந்தால் போதும். அதே பிழை ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் பலகையில் இருந்தால் பிள்ளையை அங்கே விடுவோமா? மில்காரர் எழுத்தை விற்கவில்லை. பயிற்சி நிலையத்தார் எழுத்தைத்தான் விற்கிறார். மக்கள் இந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறார்கள். உதவி கேட்டு எழுதிய தாயிடம் மட்டும் பயிற்சி நிலையத்துக்குரிய அளவுகோலை நாங்கள் ஏன் எடுத்தோம் என்பதே கேள்வி.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது, தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் இப்பக்கம் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு குடும்பமும் தன் பேச்சையும் கொண்டுவந்தது. இன்று நம் தெருக்களில் ணகர னகர வேறுபாட்டை நாவில் காட்டிப் பேசுவோர் மிகச் சிலர். ழகரம் படும் பாடு சொல்ல வேண்டியதில்லை. காதில் விழுந்தபடி எழுதுகிறவர் கனவர் என்றுதான் எழுதுவார். கணவர் என எழுதப் பள்ளியில் சில ஆண்டுகள் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். கைப்பேசியும் தன் பங்கைச் செய்கிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் முறைகளுள் பலவற்றில், சிறிய எழுத்தைத் தட்டினால் ஒரு னகரம், பெரிய எழுத்தைத் தட்டினால் மற்றொரு ணகரம். அவசரத்தில் பெரிய எழுத்தைத் தேடுவார் யார்?

பிழை என்று நாம் நினைப்பதெல்லாம் பிழையுமன்று. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றிற்று. அதற்கு முன் படித்த பாட்டி ஒருவர் ‘லை’, ‘னை’ ஆகியவற்றைத் துதிக்கையோடு எழுதினால், பேரன் அதைத் தவறு என்று திருத்துகிறான். பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் ஒரே ஊருக்கு இரண்டு பலகைகள் நிற்கின்றன. எதுவும் தவறில்லை, வண்டி ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

இவ்வளவும் சொன்னதால், இலக்கணம் எப்படிப் போனாலென்ன என்று நான் கூறுவதாக வாசகர்கள் எண்ண வேண்டா. ஓர் ஒற்றை விட்டால், மருந்துக்கடை ‘மருந்து கடை’ ஆகி, மருந்தை மத்தால் கடையச் சொல்லும். “தம்பி வரவில்லை என்று அண்ணன் சொன்னான்” என்பதில் வராதவன் தம்பி. தம்பி என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளியை இட்டுப் பாருங்கள்; வராதவன் அண்ணனாகி, செய்தியைக் கேட்பவன் தம்பியாகிவிடுவான். வீட்டில் இலை போடுகிறவர்களுக்கு இது சிறிய வேறுபாடன்று.

நம் முன்னோர் காற்புள்ளியின்றியே வாழ்ந்தார்கள் என்பது உண்மை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும், எகர ஒகரக் குறில்களைக் காட்டும் புள்ளியையும் விட்டு எழுதினார்கள். அதனால் ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் ஓலையில் ஒரே உருவம் கொண்டு நின்றன. கொலையா, கைத்தடியா என்பதை முன்னும் பின்னும் பார்த்துப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். படிப்பவர் மேல் இருந்த இந்தச் சுமையை எழுதுபவர் பக்கம் மாற்றியவர் வீரமாமுனிவர் (1680–1747). ஒற்றைக் கொம்பைக் குறிலுக்கு என்றும், மேலே சுழித்த கொம்பை நெடிலுக்கு என்றும் அவர் பிரித்து வைத்தார். பிறநாட்டில் பிறந்து இம்மொழியைக் கற்றவர் ஆதலால், படிப்பவன் தடுமாறும் இடம் எது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறிகள் ஐரோப்பியரோடும் அச்சோடும் வந்தவை. அவற்றை ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களில் ஒழுங்குறக் கையாண்டு தமிழுக்குப் பழக்கினார். இவர்களெல்லாம் படிப்பவர்க்காகப் பட்ட பாட்டை, நேரமும் வசதியும் உள்ள ஒருவர் சோம்பலால் வீணாக்கினால், படிப்பவருக்குச் சினம் வருவது நியாயமே.

அந்தச் சினத்தை நம் பகுதி 2020 ஜூனில் நேரே கண்டது. தமிழகத்தில் 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று ஓர் அரசாணை வெளிவந்தது. ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக அப்போது இருந்த க. பாண்டியராஜன்தான் அத்துறையின் அமைச்சர். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்று எழுதப்பட வேண்டும் என்றது ஆணை. நோக்கம் நல்லது, வெள்ளையர் நாவுக்கு வளைந்து போன பெயர்களை நிமிர்த்துவது. ஆனால் பட்டியலில் வேலூருக்கு எழுதியிருந்த எழுத்துக்கூட்டலைப் படித்தால் ‘வீலூர்’ என்று ஒலித்தது. கோயம்புத்தூருக்கு எழுதியதைப் படிக்கப் பலருக்கு மூச்சு முட்டிற்று. ஒரே ஒலிக்கு ஓரிடத்தில் ஓரெழுத்து, வேறிடத்தில் வேறெழுத்து. நாடெங்கும் கேலி பரவ, ஜூன் 18ஆம் நாள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நல்ல நோக்கம் என்பதை யாரும் கேட்க நிற்கவில்லை. சில எழுத்துகளின் பிசகு, 1018 ஊர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதைவிடப் பழைய கதையும் உண்டு. 1631இல் இலண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்னும் அரச அச்சகத்தார் வெளியிட்ட விவிலியத்தில், நாம் ஆறாவதாக எண்ணும் கட்டளையில் ‘செய்யாதே’ என்பதைக் குறிக்கும் மறுப்புச் சொல் விடுபட்டுப் போயிற்று. விபசாரத்தைக் கட்டளையே ஏவுவது போல் ஆகிவிட்டது! 300 பவுன் தண்டம் விதித்து, அச்சிடும் உரிமத்தையும் பறித்தார்கள். அந்தப் பதிப்புக்கு இன்றளவும் ‘தீய விவிலியம்’ என்றே பெயர். அச்சுக் கோத்தவன் கண் அயர்ந்திருக்கலாம் என்று எண்ண ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அரசு அலுவலகத்திலும் அரச அச்சகத்திலும் மெய்ப்புப் பார்க்க ஆளுண்டு, அகராதியுண்டு, சம்பளமுண்டு. நோட்டுத் தாளில் எழுதும் கைம்பெண்ணுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும் தாளின் மேல் இரு பிழைகளும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. எந்தப் பிழை சோம்பலால் வந்தது, எந்தப் பிழை இல்லாமையால் வந்தது என்று எழுத்து தானாகச் சொல்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்லது, குறைந்த பட்சம், கடிதத்தை முழுதும் படிக்க வேண்டும்.

நாங்கள் முழுதும் படிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, எங்கள் பொருளாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற கணக்கர். எல்லாக் கடிதங்களையும் பதிவேட்டில் ஏற்றுவதற்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தார். “அந்தக் கனவர் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?” என்றார். பின்பக்கம் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

பின்பக்கத்தில் கணக்கு இருந்தது. நோட்டு, காலணி, வேன் கட்டணம், தேர்வுக் கட்டணம் என ஏழு இனங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு, கூட்டுத்தொகை ரூபாய்க்கு ரூபாய் சரியாக இருந்தது. சீருடைத் துணிக்கு எழுதியிருந்த தொகையை மட்டும் அடித்து, சென்ற ஆண்டுக் கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டால் இந்த ஆண்டும் ஆகும், ஆகையால் இது வேண்டாம் என்று எழுதிக் கழித்திருந்தார். அதிலும் பிழைகள் இருந்தன. இம்முறை எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளாளர் வேறொன்றும் சொன்னார்: நாங்கள் மெச்சிய அச்சுக் கடிதத்தில் கூட்டல் தவறியிருந்ததாம். அதை அன்று மாலை ஐவருள் ஒருவரும் கவனிக்கவில்லை.

கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுப்பதென்று முடிவாயிற்று. மகன் பெயருக்குக் காசோலை எழுதும் பணி என்னிடம் வந்தது. எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை அந்த அம்மாள் காசோலையோடு வாசலில் நின்றார். உள்ளே அழைத்தும் வரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. பையன் பேருக்கு முன்னால எழுத்து மாறியிருக்குதுங்க. பேங்க்ல வேற எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்க.”

வாங்கிப் பார்த்தேன். முன்னெழுத்தைத் தவறாகத்தான் எழுதியிருந்தேன். சரியான எழுத்து எது என்று கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு, “அது அவங்க அப்பா எழுத்துங்க” என்றார்.

புதிய காசோலையை எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்தேன்.