க்ரூப்ல பேசாதவன்

2017 வரை இன்ஜினியரிங் கவுன்சிலிங்னா சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகணும். பக்கத்துல உட்கார்ந்திருப்பவனிடம் எந்த ஊர்னு கேட்கலாம். 2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறிடுச்சு. இப்போ உங்க முதல் அறிமுகமே வாட்ஸ்அப் க்ரூப்தான்.

அங்கே ஓடுவது பாதிக்கு மேல் இங்கிலீஷ். நான் இங்கிலீஷ் மீடியம், நாலு மீம் போட்டு காலேஜ் திறக்கும் முன்பே பிரபலம் (அப்படி ஒரு நினைப்பு!). வாயே திறக்காத ஒருத்தனை மட்டும் ‘திமிரு’ என்று முடிவு பண்ணியிருந்தேன். ஹாஸ்டலில் அவன்தான் ரூம்மேட். தமிழ் மீடியம். தப்பா எழுதினா சிரிப்பாங்கன்னு ஒவ்வொரு மெசேஜையும் டைப் பண்ணிப் பண்ணி அழிச்சிருக்கான். கணக்குப் பேப்பரில் அரியர் விழாம என்னைக் காப்பாத்தினதும் அவன்தான்.

ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கச்சிகளே, உங்க க்ரூப்பிலும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. ‘எந்த ஊர்?’னு தமிழ்லயே கேட்டுப் பாருங்க.