கர்ப்ப காலத்தில் அடிக்கடி சிறுநீர்: உடல் கேட்பது சரி, ஆபீஸ் கொடுக்கிறதா?

வேலைக்குக் கிளம்பும் நாளில் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. இந்தியாவில் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு இது பழகிப்போன கணக்கு. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒன்றரை மணி நேரப் பயணம், வழியில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை கிடையாது, அப்புறம் எதுக்கு ரிஸ்க்? மற்ற நாட்களில் இந்தக் கணக்கு எப்படியோ ஓடிவிடும். கர்ப்பமான பிறகு ஓடாது.

கர்ப்ப காலத்தில் அடிக்கடி சிறுநீர் வருவது நோய் இல்லை. உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும், வந்ததை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் நோயில் கொண்டுபோய் விடலாம். அதனால் இதை மருத்துவ விஷயமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எழுந்து போக அனுமதி இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

முதல் காரணம் சிறுநீரகம். கருவுற்ற சில வாரங்களிலேயே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் அதிகமாகிறது. ரத்தத்தை வடிகட்டும் வேகம் முதல் மூன்று மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ 50% கூடிவிடுகிறது. குழந்தைக்காக உடலில் ரத்தத்தின் அளவும் படிப்படியாக 40 முதல் 50% வரை உயர்கிறது. வடிகட்ட வேண்டியது அதிகம் என்றால் வெளியேறுவதும் அதிகம்.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. இடுப்புக் கூட்டுக்குள் கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்து வீடு. முதல் மூன்று மாதத்தில் கர்ப்பப்பை அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே வளர்வதால் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. 12 வாரம் வாக்கில் அது வயிற்றுப் பகுதிக்கு மேலேறிவிடும். அதனால்தான் நடு மூன்று மாதங்களில் பலருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. கடைசி மாதங்களில் குழந்தையின் தலை கீழே இறங்கும்போது பழைய கதை மறுபடி தொடங்குகிறது.

சரி, ராத்திரியில் ஏன் அதிகம்? பகல் முழுக்க நின்றாலோ உட்கார்ந்தாலோ கால்களில் நீர் தேங்குகிறது. படுத்ததும் அந்த நீர் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. ஒன்பது மணிக்கே தண்ணீரை நிறுத்தியும் இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டி வருவது இதனால்தான்.

அடக்கினால் என்ன ஆகும்?

ஒரு நாள் மீட்டிங்கில் அரை மணி நேரம் அடக்கியதால் எதுவும் ஆகிவிடாது. சிக்கல், அது தினசரி வழக்கமாகும்போது.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பையும் அந்தக் குழாய்களை அழுத்துகிறது. இதனால் சிறுநீர் சீக்கிரம் வடியாமல் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி வளர்வது சுலபம். தண்ணீரும் குறைந்து, வெளியேற்றுவதும் தள்ளிப்போனால் கிருமிக்கு இன்னும் வசதி.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தொற்று பல நேரம் அறிகுறியே காட்டாது என்பதுதான். கர்ப்பிணிகளில் 2 முதல் 10% பேருக்கு எரிச்சலோ வலியோ இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கலாம் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. கண்டுபிடித்து மருந்து கொடுக்காவிட்டால் அவர்களில் கணிசமானவர்களுக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும். அப்போது கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் அட்மிஷன், குறைப்பிரசவ அபாயம் என்று விஷயம் பெரிதாகும்.

அதனால் கர்ப்பம் உறுதியான உடனே எடுக்கும் யூரின் டெஸ்ட்டைச் சடங்காக நினைக்க வேண்டாம். 'எனக்கு யூரின் கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழக்கமான யூரின் டெஸ்ட்டில் தெரியாத கிருமி கல்ச்சரில் தெரியும்.

சர்க்கரையாக இருக்குமோ?

அடிக்கடி சிறுநீர் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சிறுநீரில் இல்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வடிகட்டுவதால், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை வரலாம். சிறுநீரில் இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் முடிவு செய்ய முடியாது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் செக்கப்பிலேயே ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் வர வேண்டிய கட்டாயம் இல்லாத இந்த எளிய முறையை இந்தியாவில் பரப்பியதில் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தனியார் ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு.

தண்ணீரைக் குறைக்காமல் சமாளிப்பது எப்படி?

• அளவைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். சுமார் 2 முதல் 3 லிட்டர் வரையான தண்ணீரைப் பகலிலேயே பிரித்துக் குடித்துவிட்டு, தூங்குவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து குறைக்கலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

• காபி, டீயைக் கணக்கு வையுங்கள். காஃபின் சிறுநீர்ப்பையைத் தூண்டும். காபி, டீ, கோலா எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 200 மில்லிகிராம் காஃபினைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நடைமுறையில் இரண்டு சின்ன கப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

• முழுசாகப் போய்விட்டு எழுந்திருங்கள். முடிக்கும்போது கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து, சில நொடி பொறுத்து மறுபடி முயன்றால் மிச்சம் இருப்பதும் வெளியேறும். அடுத்த முறைக்கு இடைவெளி கிடைக்கும்.

• மாலையில் காலை உயர்த்தி வையுங்கள். இடது பக்கம் சாய்ந்து அரை மணி நேரம் படுத்தாலும் சரி. கால்களில் தேங்கிய நீர் தூங்குவதற்கு முன்பே இறங்கிவிடும்.

• மலச்சிக்கலைக் கவனியுங்கள். நிறைந்த குடலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். கீரை, பழம், தண்ணீர் மூன்றும் இங்கே உதவும்.

• இருமினால், தும்மினால் கசிகிறதா? இது பலருக்கும் நடப்பது, வெட்கப்பட எதுவும் இல்லை. சிறுநீரை நிறுத்தப் பயன்படும் இடுப்புத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சியை டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம்.

• ராத்திரிப் பாதையைச் சரிசெய்யுங்கள். பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு, வழுக்காத கால்மிதி. தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுவதுதான் இதில் நேரடி ஆபத்து.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

சிறுநீர் போகும்போது எரிச்சல், ரத்தம், கடுமையான நாற்றம் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். குளிர் காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம், தாமதிக்கக் கூடாது. முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் போக முடியவில்லை என்றாலும் அவசரம்தான். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் நீர் தொடர்ந்து கசிந்தால் அது சிறுநீராக இல்லாமல் பனிக்குட நீராக இருக்கலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெடிக்கலில் நீங்களே கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். எல்லா மருந்தும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது இல்லை. டாக்டர் கொடுத்ததை, எரிச்சல் நின்ற உடனே நிறுத்தவும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மேலே சொன்ன எல்லா அறிவுரையும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம், போனால் சுத்தமான கழிப்பறை இருக்கும். கால் சென்டரில் லாக்-அவுட் நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. ஜவுளிக்கடையில் கவுன்டரை விட்டு நகர சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். ரயில் ஓட்டும் பெண்கள் என்ஜினில் கழிப்பறை கேட்டுப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள்.

1961-ம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு கூடுதல் இடைவேளைக்கும் அந்தச் சட்டம் உரிமை தந்தது. பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் கர்ப்பமாக இருக்கும் ஒன்பது மாதத்தில் பாத்ரூம் போகக் கூடுதல் இடைவேளை பற்றி அதில் ஒரு வரி கூட இருக்கவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த இடைவெளி அப்படியே தொடர்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு எத்தனை தடவை போகலாம் என்பது மேனேஜர் கையில் விடப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் 2023-ல் கர்ப்பிணித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. 2024-ல் வந்த அதன் விதிகள், கூடுதல் கழிப்பறை இடைவேளையையும் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வதையும் கிட்டத்தட்ட எப்போதும் நியாயமான கோரிக்கைகளாகவே கருதின. மருத்துவச் சான்று கேட்டு இழுத்தடிக்கவும் இடம் தரவில்லை. சம்பள மகப்பேறு விடுப்பை நாடு முழுவதற்கும் சட்டமாக்காத ஒரு நாடு, இந்தச் சின்ன விஷயத்தில் நம்மை முந்தியிருக்கிறது.

இங்கே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பி.விஜி தலைமையில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று கழிப்பறை. அந்தப் போராட்டம் 2018-ல் கேரளச் சட்டத்தில் 'உட்காரும் உரிமை'யைக் கொண்டுவந்தது. 2021-ல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றித் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2025 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, கழிப்பறை வசதி அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. நீதிமன்ற வளாகங்கள் பற்றிய வழக்கு அது. ஆனால் அதன் தர்க்கம் நீதிமன்றச் சுவரோடு நிற்கக்கூடியது இல்லை.

ஆபீஸில் என்ன கேட்கலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டாக்டரிடம் ஒரு சின்னக் கடிதம் வாங்கி ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை நான்கு: இடைவேளை நேரக் கணக்கிலிருந்து விலக்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை, மேசையில் தண்ணீர், நீண்ட பயணமோ நைட் ஷிஃப்டோ இல்லாத வேலை நேரம். வாய்மொழியாகச் சொல்வதைவிட எழுத்தில் கேட்பது நல்லது. மேனேஜர் மாறினாலும் மெயில் இருக்கும்.

நீங்கள் கர்ப்பிணி இல்லை, டீம் லீட் என்றால் உங்கள் பங்கு இன்னும் எளிது. மீட்டிங் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எல்லோருக்கும் 5 நிமிட பிரேக் கொடுங்கள். அப்போது யாரும் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை, கர்ப்பத்தை இன்னும் யாரிடமும் சொல்லாத அந்த முதல் மூன்று மாதத்தில் இருப்பவர் உட்பட.