கனடா மரமும் எங்கள் சேமிப்பும்

வால்தம்ஸ்டோவில் வேலை கிடைத்து நாலு காசு மிஞ்சியதும், “கனடா மரக் கம்பனிப் பங்கு வாங்குங்கோ” என்று ரொறன்ரோ உறவுகள் சொல்லக்கூடும். வாங்குமுன் நாம் ஒன்றை அறிந்திருப்பது நல்லது.

கனடாவின் காடுகளில் பெரும்பகுதி மாகாண அரசுகளுக்குச் சொந்தம். அவை மரத்தை மலிவாகக் கொடுக்கின்றன என்று அமெரிக்கா 1982இல் தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. இறக்குமதித் தீர்வை கூடினால் கம்பனியின் பணம் முடங்கும், ஆலைகள் மூடும், பங்கு விலை சரியும்.

2006ஆம் ஆண்டு உடன்பாட்டில், அறவிட்ட சுமார் 500 கோடி டொலரில் 400 கோடிதான் திரும்பியது. அவ்வுடன்பாடு 2015இல் முடிய, 2017இல் தீர்வை மீண்டும் வந்தது. 2025இல் பல கம்பனிகளுக்கு அது மொத்தம் 45 வீதமளவுக்கு ஏறியது.

சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் போடாதிருப்போம். ஊரில் அம்மா, அப்பாவுக்கு அனுப்பும் காசு வங்கியிலேயே இருக்கட்டும்.