குறட்டை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமா?

படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுகிறவனைக் ‘கொடுத்து வைத்தவன்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கும்பகர்ணனை உவமை காட்டி, ஓசை எவ்வளவு பெரிதோ நித்திரையும் அவ்வளவு ஆழமானது என்று கொள்ளும் இந்த நம்பிக்கையை நான் வன்மையாக மறுக்கிறேன். ஏனெனில், இதை நம்பித்தான் என் தந்தையார் முப்பது ஆண்டுகள் தம் குறட்டையைப் பற்றி எந்த வைத்தியரிடமும் வாய் திறவாதிருந்தார். நாங்களும் அவரைத் தூண்டவில்லை.

விழித்திருக்கையில் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்ந்துவிட, குறுகிய வழியில் காற்று நெருக்கிக்கொண்டு செல்லும்போது, உள்நாக்கும் மெல்லண்ணமும் அதிர்வதால் எழுவதே குறட்டை. அது சுவாசம் தடைப்படுவதன் ஓசையேயன்றி நித்திரையின் ஓசை அன்று. சிலருக்கு அவ்வழி முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. மார்பு ஏறி இறங்க முயன்றும் காற்று உட்புகாமல், இரத்தத்தில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகுந்துவரவே, மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குகிறவனை ஒரு கணம் உலுக்கி எழுப்ப, அவன் திணறி மூச்சை இழுத்து, காலையில் நினைவில் தங்காத அந்த விழிப்பிலிருந்து மீண்டும் உறக்கத்தில் விழுகிறான். குறைந்தது 10 விநாடி நீடிக்கும் இத்தகைய தடைகள், முழுமையும் அரைகுறையுமாக, மணிக்கு 30 நேர்ந்தால் நோய் கடுமையானது என்பது வைத்தியர் கணக்கு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை மூச்சுக்குப் போராடுவதையா ஆழ்ந்த நித்திரை என்பது?

ஒவ்வொரு தடையின் முடிவிலும் இரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது. என் தந்தையாருக்குக் காலையில் தலைவலி. பகலில் சாய்வு நாற்காலியில் பத்திரிகையைப் பிரித்த உடனே கண் சொருகும். இரத்த அழுத்தமோ எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் குறட்டை சட்டென நின்று, அப்பாடா என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்களே, அந்த மௌனமே அஞ்சத்தக்கது. அதன் பின் திணறலோடு எழும் மூச்சே நோயின் லட்சணம். 1965-ஆம் ஆண்டிலேயே பிரான்ஸில் காஸ்டோ முதலியோரும் ஜெர்மனியில் யூங், கூலோ என்போரும் தனித்தனியே ஆராய்ந்து இதைப் பதிவு செய்துவிட்டார்கள். 1981-இல் சிட்னி நகரின் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றை இடைவிடாத மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை மூடாதபடி தாங்கும் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார். பரிகாரம் இருந்தும், அதை நாட வேண்டியவனை நாம் பாக்கியசாலி என்கிறோம்.

ஒருவழியாக வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோதும், தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே தந்தையார் சாதித்தார். இரவில் அவர் மூச்சு நின்றுபோவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு, பயந்து, தோளைத் தொட்டு அசைத்து வந்திருப்பதை, பக்கத்தில் நின்ற என் தாயார் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.