உனக்கென்ன கவலை?

ஏ.எல். முடிவு வந்த அண்டைக்கு ஒரு பெடியன் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுகிறான். வெளியில் நிண்டு அப்பா சொல்லுறார்: "நாங்கள் ஷெல்லடிக்குள்ள படிச்சனாங்கள். மூண்டு நேரமும் சாப்பிடுற உனக்கு என்ன கவலை?" யாழ்ப்பாணத்தில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் ஆர்?

அப்பா பொய் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் லட்சக்கணக்கான சனத்தோடு தென்மராட்சிக்கு நடந்த தலைமுறை அது. ஆனால் அந்த இரவைப் பற்றி அவரிட்ட ஆராவது ஆறுதலாக இருந்து கேட்டிருக்கினமா? போர் எங்கட மனங்களுக்கு என்ன செய்தது என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இலேயே முழுப் புத்தகமாக எழுதினார். குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கும் கூட்டு மனவடு பற்றிப் பிறகும் எழுதினார். நாங்களோ இன்னமும் "இவனை மந்திகைக்குக் கொண்டுபோக வேணும்" எண்டு பகிடி விடுகிறோம். வைத்தியசாலை இருக்கிற ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

விளைவு? பயம், வெட்கம், இழப்பு எல்லாம் ஒரே வாசலால் வருகுது: கோவம். ஆம்பிளைக்கு அது 'ரோசம்'. பொம்பிளைக்கு அந்த வாசலும் இல்லை; அவளுக்குத் தலையிடி, நெஞ்சு நோ.

இத்தனைக்கும் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளையும் பாடமாக்கிச் சோதனை எழுதுகிறோம். அழுகைக்குத் தொல்காப்பியர் நாலு காரணம் காட்டுகிறார்: இகழப்படுவது, பறிகொடுப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, வறுமை. இதில் ஒண்டாவது நுழையாத வீடு எங்கட பக்கத்தில் இருக்கா? அழுகை எதனால் வருது என்பதுதான் அவர் பார்த்தது. "அழாதை" எண்டு சொல்லுறது நாங்கள்தான்.

இப்ப கருத்தரங்குகளில் புதுப் பாட்டு: "உணர்ச்சியை அடக்கு, வெற்றி உனதே." இதுவும் அப்பாவின் வசனம்தான், கோட் சூட் போட்டு வந்திருக்கு. அடக்குவது வேறு, கையாளுவது வேறு. கையெடுத்து அடிக்க முதல், "எனக்கு வந்தது கோவமில்லை, அவமானம்" எண்டு கண்டுபிடிச்சு ஒருத்தரிட்டச் சொல்லுறதுதான் கையாளுவது. அதுக்கு அந்த உணர்வின் பெயர் தெரிய வேணும். கேட்க ஓராளும் வேணும்.

ஆகவே இது தனியாள் ஒழுக்கப் பயிற்சி மட்டுமில்லை. பாடசாலையில் ஆலோசனை ஆசிரியரிடம் சொன்னது அடுத்த நாள் ஆசிரியர் அறையில் கதையாகுமெண்டால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? இரகசியம் காக்கும் ஒரு அறையையும், கேட்கத் தெரிந்த ஓராளையும் பாடசாலைகளிடம் கேட்போம். தாங்க ஏலாத நேரத்தில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்த முடிவு வரும்போது அந்தக் கதவுக்கு வெளியில் போய் இருங்கோ. பேசாமல் இருந்தாலும் காணும். பிறகொரு நாள் அப்பாவிடமும் கேளுங்கோ: "அண்டிரவு பாலத்தில நீங்கள் பயந்தனீங்களா?"